மாற்று ஏற்பாடு இருக்கிறது, ஓடுமா?

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தல்லாகுளத்திலிருந்து வைகைக் கரை வரை ரோடு தெரியாது, ஜனம்தான் தெரியும். மதுரைப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை, இருப்பதோ அதே வடகரையில், கோரிப்பாளையத்தை ஒட்டி. தெற்குவாசலில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஆற்றைத் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும், 1889-ல் கட்டிய ஏ.வி. பாலம் பக்கமே போக முடியாது. ஆனால் இது எந்த நாள் என்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறதே! இரண்டு கரையிலும் ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பிரித்து நிறுத்தலாம், தென்கரை நோயாளியைத் தென்கரையிலேயே எங்கே சேர்ப்பது என்று முன்னாடியே பேசி வைக்கலாம், நெரிசலுக்குள் பைக் ஆம்புலன்ஸை விடலாம். தேதி சொல்லிவிட்டு வரும் சிக்கலைச் சமாளித்துவிடலாம்.

சொல்லாமல் வருவதற்குத்தான் தொடர் இயக்கத் திட்டம், அதாவது எது பழுதானாலும் ஆம்புலன்ஸ் சேவை நிற்காமல் ஓட முன்னாடியே போட்டு வைக்கும் திட்டம். அதில் முதல் கேள்வி, எந்த வேலை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்பது. சம்பளக் கணக்கு ஒரு வாரம் தாங்கும். அழைப்பை எடுப்பது ஒரு நிமிடம்கூடத் தாங்காது, அதனால் காசும் கவனமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைத்தால் எடுப்பது கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்துதான் பக்கத்து வண்டியின் பைலட்டுக்கும் (டிரைவரை அப்படித்தான் சொல்வார்கள்) முதலுதவி செய்யும் இ.எம்.டி.க்கும் தகவல் வரும். இப்படிப்பட்ட அறையில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை யூபிஎஸ் தாங்கும். சரி, அப்புறம்? டீசல் எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது? இரண்டு கம்பெனி லைன் வாங்கி வைத்திருந்தாலும் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனால், ஒரு ஜேசிபி தோண்டினால் இரண்டும் போச்சு. ஆக்சிஜனும் அப்படித்தான். ஸ்பேர் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் நிரப்பப்பட்டு வந்தால், அந்த இடம் நின்ற அன்று ஸ்பேருக்கு ஸ்பேர் கிடையாது. 1,500 லிட்டர் பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓடினால் இரண்டரை மணி நேரம்தான்.

மாற்று ஏற்பாடு தனியாக இருந்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறியது, மறுநாளே திணறி, பாதி வேலையைக் கையால் செய்ய வேண்டியதாயிற்று. நவம்பர் 4 விடியற்காலை மொத்தமாகவே நின்றது. வண்டி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சர்வரின் மெமரியில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு விடாமலே இருந்தது புரோகிராமில் ஒரு துண்டு. அந்தத் துண்டு உள்ளே புகுந்தது முழு மாற்றத்துக்கும் முன்னாலேயே; மூன்று வாரத்தில் மெமரி தீர்ந்துபோனது. மாற்று சர்வர் இல்லாமலா? இருந்தது. காகிதமே இல்லாத புது முறையில் அதைச் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் கைகொடுக்கவில்லை. பேப்பரும் பேனாவும்தான் காப்பாற்றின.

பேப்பருக்குத் திரும்புவதும் லேசுப்பட்டதல்ல. திரை அணைந்ததும் எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் நோயாளியோடு போய்க்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் திரையோடு போய்விடும். அதனால் அந்த விவரம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாக அச்சாகி மேசையில் விழ வேண்டும், அழைப்பு விவரத்தைக் கையால் எழுதும் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருக்க வேண்டும். ஒத்திகையையும் ஆள் குறைவான ஞாயிறு மத்தியானம் வைத்துப் பிரயோஜனமில்லை. அழைப்பு குவிகிற சாயங்காலத்தில், பக்கத்தில் ஒரு குழுவை நிஜத் திரையோடு தயாராக உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களின் திரையை அணைத்துப் பார்க்க வேண்டும்.