கழிவுநீரிலும் சிப்பியிலும் வைரஸைத் தேடும் முறை

1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸால் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். கழிவுநீர் கலந்த கடற்பகுதியில் அள்ளப்பட்டு, சரியாக வேகவைக்காமல் உண்ணப்பட்ட மட்டிகளே அதற்குக் காரணமாக இருந்தன.

மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி உண்பவை. ஒரு சிப்பி நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேலான நீரை வடிகட்டக்கூடும் என்பதால், கடலில் மிகக் குறைவாகக் கலந்திருக்கும் வைரஸும் அதன் உடலில் சேர்ந்து செறிவடைகிறது. ஐரோப்பாவில் சிப்பி வளர்க்கும் பகுதிகளை மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் அளவைக் கொண்டே தரம் பிரிக்கின்றனர். தூய கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நாள் வைத்தால் அந்த பாக்டீரியா பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸ், மனிதரின் ஏ இரத்தவகைக்குரிய சர்க்கரை மூலக்கூறுகளை ஒத்தவை சிப்பியின் செரிமானத் திசுக்களில் இருப்பதால், அவற்றைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே, பாக்டீரியா இல்லை என்பதை வைத்து வைரஸும் இல்லை என்று முடிவு செய்வது ஆபத்தானது.

வைரஸை நேரடியாகத் தேட, சிப்பியின் செரிமானச் சுரப்பியை மட்டும் வெட்டியெடுத்து, நொதியால் கரைத்து, வெளிப்படும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை, அதைப் பன்மடங்காக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் அளவிடுகின்றனர். செயலிழந்த வைரஸையும் இச்சோதனை கணக்கில் சேர்த்துவிடும் என்பது அதன் முக்கியக் குறை.

கழிவுநீரிலும் சோதனை ஏறத்தாழ இதுவே. வைரஸை முதலில் செறிவூட்ட வேண்டும், அவ்வளவுதான். மழைநீர் கலந்து நீர்த்துப்போனதா என்பதை அறிய, மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸின் அளவையும் பல ஆய்வகங்கள் உடன் பார்க்கின்றன. உணவின் வழியே குடலுக்குச் சென்று மலத்தில் வெளியேறும் அந்தத் தாவர வைரஸ், நீரில் மனிதக் கழிவு எவ்வளவு என்பதற்கு நல்ல அளவுகோலாகிறது.

நோய்க்குறி இல்லாதவரும் வைரஸை வெளியேற்றுவதால், மருத்துவமனைக்கு எட்டாத செய்தி கழிவுநீரில் கிடைக்கிறது. 2013இல் இஸ்ரேலின் ராஹத், பீர்ஷெபா நகரங்களின் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டபோது ஒரு குழந்தைகூட முடங்கியிருக்கவில்லை. அங்கு போடப்பட்டுவந்த ஊசி மருந்து முடக்கத்தைத் தடுத்ததே தவிர, குடலில் வைரஸ் பெருகுவதை முழுமையாகத் தடுக்கவில்லை. ஆகஸ்டில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் தொடங்கியது. எவரும் முடங்காமலேயே அந்தப் பரவல் அடங்கியது.

கரையோர நகரங்கள் இவ்விரு சோதனைகளையும் இணைத்தே நடத்த வேண்டும். நகரத்தின் கழிவுநீரில் நோரோ வைரஸ் உயரத் தொடங்கும்போதே அருகிலுள்ள சிப்பிப் படுகைகளில் அறுவடையை நிறுத்திவைத்தால், அசுத்தமான சிப்பி சந்தைக்கு வருவதற்கு முன்பே அதைத் தடுக்க முடியும்.