எந்தக் குளவிக்கூட்டைக் கலைப்பது?

முருங்கையில் குளவி கூடு கட்டிவிட்டது என்றதும் நம் பக்கத்தில் யாராவது தீப்பந்தத்தைத் தூக்கிவிடுவார்கள். ஓலைக் கூரையும் கடற்காற்றும் சேர்ந்த ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. கூடு யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுவர் மூலையில் மண்ணால் பூசியிருந்தால் அது ஒரே ஒரு தாய்க்குளவியின் வேலை. குழாயடி ஈரமண்ணை உருட்டிவந்து அறை கட்டும். புழுவையோ சிலந்தியையோ கொட்டி முடக்கி உள்ளே அடுக்கும், முட்டையும் இடும், வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். இரை உடனே சாகாது. அசையாமல் கிடப்பதால் குஞ்சுக்குக் கெடாத சாப்பாடு. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி! 'கொட்டக் கொட்டக் குளவியாகும்' என்றவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள், நடுவில் நடந்ததுதான் மறைந்திருந்தது. கையால் பிடித்தால் தவிர இந்தக் குளவி கொட்டாது. விட்டுவிடலாம்.

காகிதக் கூடு வேறு. காய்ந்த மட்டையையும் வேலிக்கம்பையும் தாடையால் சுரண்டி, எச்சிலில் குழைத்துக் கட்டுவது. மொத்தக் கூடும் மெல்லிய காம்பில் தொங்கும். குஞ்சுகளுக்குப் பெரிய எதிரி எறும்பு. அது வரக்கூடிய ஒரே பாதையான காம்பில், வயிற்றடியில் சுரக்கும் எறும்புவிரட்டியைக் குளவி தேய்த்துவைக்கிறது. அதே காம்பு வழியாகத்தான் கிளையின் அதிர்வும் கூட்டுக்குப் போகிறது. அதனால் கொம்பால் தட்டினால் எல்லாம் ஒன்றாகப் பாயும்.

ராணியைக் கொன்றால் போதுமா? ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற இந்தியக் காகிதக் குளவியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் ராணி சாதுவானது. அதை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று சட்டென்று முரட்டுத்தனம் காட்டி, அப்புறம் ராணியாகிவிடும். கூடு தொடரும். தோட்டத்தின் கடைசியில் இருந்தால் இருக்கட்டும், குஞ்சுகளுக்காகச் செடிப்புழுக்களை அள்ளிப்போகும். வாசலுக்கு மேலே என்றால், ஒற்றைக் குளவி நாலைந்து அறை கட்டும்போதே, அது வெளியே போன நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

வயிற்றில் மஞ்சள் பட்டையுள்ள பெரிய கதண்டு, காகிதக் குளவியின் கூட்டையே சூறையாடித் தின்னும். அதன் கூட்டில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒன்றே பலமுறை கொட்டும், நஞ்சின் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பல இடத்தில் கொட்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தடவிக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.