பேட்டன்ட் என்றால் ‘திறந்தது’

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் தாய் ஒருத்தியின் கிளினிக் கொப்பியில் ‘பீ.டீ.ஏ.’ என்று எழுதியிருந்தால், அதன் முதலெழுத்து குறிக்கும் சொல் பேட்டன்ட். ஒலுவிலில் பொறியியல் படிக்கும் மாணவன் “எங்கட புரொஜெக்டுக்கு பேட்டன்ட் எடுக்க வேணும்” என்கிறானே, அதுவும் அதே பேட்டன்ட்தான். முதலாவதில் அதன் பொருள் ‘திறந்திருக்கிறது’. இரண்டாவதில் ‘எனக்கு மட்டும், மற்றவர் தொடக்கூடாது’ என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். ஒரே சொல் எப்படித் திறந்த கதவாகவும் பூட்டிய கதவாகவும் இருக்கிறது? தமிழில் அதற்குச் சரியான சொல் எது? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது.

முதலில் மருத்துவப் பொருள். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு வேலையில்லை. அதனால் நுரையீரல் நாடியிலிருந்து பெருநாடிக்கு நேரே இரத்தத்தைக் கடத்த ஒரு குறுக்குக் குழாய் இருக்கும், நாடிக்கான் எனலாம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். மூடாமல் கிடந்தால் ‘பேட்டன்ட்’; கொப்பியில் எழுதிய பீ.டீ.ஏ. இதுதான். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம். தமிழில் ‘மூடாத நாடிக்கான்’ என்று எழுதினால் தாய்க்கும் விளங்கும், தாதிக்கும் விளங்கும். கையில் ஏற்றிய கனூலா அடைபடாமல் இருந்தால் அதையும் பேட்டன்ட் என்றே குறிப்பார்கள். மருத்துவர்கள் இந்தச் சொல்லுக்குப் புதுப்பொருள் எதுவும் கொடுக்கவில்லை. மூலப்பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

மூலம் இலத்தீன்: ‘பத்தேரே’, திறந்து கிடத்தல். இடைக்கால ஐரோப்பிய அரசர்கள் இருவகைக் கடிதம் விடுத்தார்கள். ஒன்று மடித்து முத்திரையிட்டது. முத்திரையை உடைத்தால்தான் வாசிக்கலாம், உரியவர் மட்டும் வாசிப்பார். மற்றது ‘லித்தெரே பத்தெந்தெஸ்’, திறந்த கடிதம். அதன் முத்திரை அடியில் தொங்கும், எவரும் உடைக்காமல் வாசிக்கலாம். பட்டம், நிலம், பதவி, வணிகத் தனியுரிமை எல்லாம் திறந்த கடிதத்தில்தான் வரும், ஏனென்றால் அது ஊருக்கே சொல்லப்படும் செய்தி. நம் பக்கத்தில் ஒப்பிடுவதானால் முன்னது முத்திரையிட்ட ஓலை, பின்னது கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டு. தானம் பெற்றவன் ஒருவன், வாசிப்பவர் எல்லாரும்.

1449இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி, யூட்டினம் ஊர் ஜோன் என்ற பிளெமிஷ் கைவினைஞருக்கு நிறக்கண்ணாடி செய்ய 20 ஆண்டுத் தனியுரிமை கொடுத்தார். அதற்கு ஈடாக அவர் தொழில்நுட்பத்தை உள்ளூர்க்காரருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பேட்டன்டின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது: செய்முறையை நீ வெளியே சொல், சில காலம் போட்டி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வெனிஸ் 1474இல் இதைச் சட்டமாக்கி 10 ஆண்டு கொடுத்தது. இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு கொடுத்தது. காலப்போக்கில் ‘திறந்த கடிதம்’ என்பதில் கடிதம் உதிர்ந்து ‘திறந்த’ மட்டும் நின்றது. அதற்குப்பின் கேட்பவர் காதில் எஞ்சியது தனியுரிமை மட்டுமே.

சொல் தடம்புரண்டதற்கு நல்ல சாட்சி ‘பேட்டன்ட் மருந்து’. 19ஆம் நூற்றாண்டில் அப்படி விற்ற சர்வரோக நிவாரணிகளில் பெரும்பாலானவை பேட்டன்ட் எடுத்தவையே அல்ல. எடுத்தால் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டுமே! அவர்கள் பதிந்தது பெயரையும் போத்தல் வடிவத்தையும்தான். இன்றும் ‘எங்கள் பரம்பரை இரகசியத் தைலம், பேட்டன்ட் எடுத்தது’ என்று விளம்பரம் வந்தால் இரண்டில் ஒன்று பொய். இரகசியம் என்றால் பேட்டன்ட் இல்லை, பேட்டன்ட் என்றால் இரகசியம் இல்லை.

திறந்து கிடப்பதன் வலுவை மின்னணுவியல் நன்றாகவே அனுபவித்திருக்கிறது. ஜூலியஸ் லிலியன்பெல்ட் என்ற இயற்பியலாளர் 1926இல் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போட்டார். 1930இல் பேட்டன்ட் கிடைத்தது. மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் திண்மக் கருவி, அதாவது இன்று புலவிளைவுத் திரான்சிற்றர் எனப்படுவதன் கருத்து. அதைச் செய்து ஓட்டிக்காட்டத் தேவையான தூய பொருள் அன்று இல்லை. ஆனால் 20 ஆண்டு கழித்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் திரான்சிற்றருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பழைய தாள் குறுக்கே நின்றது. அங்கிருந்த ஷொக்லியின் புலவிளைவுக் கருத்தை விண்ணப்பத்தில் முன்னிறுத்த முடியாமல் போயிற்று. அவருடைய சகாக்கள் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த புள்ளித்தொடுகைக் கருவிக்கே 1948இல் விண்ணப்பம் போனது. யாரும் செய்து பார்க்காத ஒரு தாள் இவ்வளவு வேலை செய்தது, அது எல்லாரும் வாசிக்கும்படி கிடந்ததால்.

இனித் தமிழ்ச்சொல். தமிழ்நாட்டில் ‘காப்புரிமை’. காத்துவைக்கும் பக்கத்தை மட்டும் அது பிடித்திருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், பலர் நூலின் பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே அச்சிடுகிறார்கள். நாவல் எழுதியவருக்கு எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடும். கருவி செய்தவருக்கு விண்ணப்பிக்காமல் எதுவும் வராது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் செய்தி வாசிப்பவர் குழம்புவார். இலங்கையில் வழங்குவது ‘ஆக்கவுரிமை’. அறிவுசார் சொத்து என்று தமிழ்நாடு சொல்வதை நாம் புலமைச் சொத்து என்கிறோம். கொழும்பிலுள்ள அலுவலகத்தின் பெயரும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம்தான்.

இரண்டில் ஆக்கவுரிமையே மேல் என்பது நம் முடிவு, அதற்குச் சட்டக் காரணம் உண்டு. தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்றால் ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிவதும் ஆகும், இல்லாததைச் செய்வதும் ஆகும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. கண்டறிதல், அறிவியல் கோட்பாடு, கணித முறை ஆகியவற்றுக்கு ஆக்கவுரிமை கிடையாது. வாவிப் பாசியில் ஒரு மருந்துப்பொருள் இருக்கிறது என்று அறிவது கண்டறிதல். அதைப் பிரித்தெடுக்கும் புதிய முறை ஆக்கம். சொல்லே அந்த எல்லையைக் காட்டுகிறது. அதிலும் ‘திறப்பு’ இல்லைதான். மட்டக்களப்பார் கண்ணகி அம்மன் சடங்கைத் ‘கதவு திறத்தல்’ என்று தொடங்குகிறார்கள்; ஆண்டு முழுதும் சாத்திய கோயிலைச் சில நாள் ஊருக்குத் திறக்கும் நிகழ்வு. ஆக்கவுரிமைக் கதவு திறந்தால் பிறகு சாத்துவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 20 ஆண்டு முடிந்தபின் எவரும் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவம், மின்னணு, ஒளி மூன்றும் ஒரே பொருளில் கூடும் உதாரணம் விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர். கொரோனாக் காலத்தில் காத்தான்குடிக் கடையிலும் கல்முனைக் கடையிலும் தேடித்திரிந்து வாங்கினோமே, அதுதான். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு ஒளிகாலும் இருவாயிகள் (எல்.ஈ.டி.): ஒன்று சுமார் 660 நனோமீற்றர் சிவப்பு, மற்றது சுமார் 940 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிர். மறுபக்கத்தில் ஓர் ஒளியுணரி. ஒக்சிசன் ஏறிய குருதி கீழ்க்கதிரை அதிகம் உறிஞ்சும். ஒக்சிசன் இறங்கிய குருதி சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆனால் விரலில் தோல், எலும்பு, நாளக் குருதி எல்லாம் ஒளியை மறைக்கின்றன. நாடிக் குருதியை மட்டும் எப்படிப் பிரிப்பது?

ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் டக்குவோ அஓயாகி வேறொன்றை அளந்துகொண்டிருந்தார். இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைச் சாயம் ஏற்றிக் காது வழியே ஒளியால் பார்த்தபோது, நாடித்துடிப்பு வரைகோட்டைக் கெடுத்தது. அதை நீக்க இரு அலைநீளங்களின் விகிதத்தை எடுத்தார். ஒக்சிசன் அளவு மாறும்போது அந்த நீக்கம் பிசகியது. அந்தப் பிசகையே அளவீடாக்கினார்: துடிப்போடு கூடிக் குறையும் ஒளிப்பங்கு மட்டும்தான் நாடிக் குருதி, மற்றவை எல்லாம் அசையாதவை.

நிஹோன் கோடன் 1974 மார்ச் 29 அன்று ஜப்பானில் விண்ணப்பித்தது. அதே கருத்தோடு மினோல்டா நிறுவனம் வந்தது ஏப்ரல் 24 அன்று. 26 நாள் பிந்தியது. ஜப்பானில் முந்தியவருக்கே உரிமை. ஆனால் நிஹோன் கோடன் வெளிநாடுகளில் விண்ணப்பிக்கவில்லை. அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது மினோல்டா. ‘உலக பேட்டன்ட்’ என்று ஒன்று இல்லை. எந்த நாட்டில் எடுத்தாயோ அந்த நாட்டில்தான் வேலி. கொழும்பில் விண்ணப்பித்தவர் பாரிஸ் உடன்படிக்கையின்படி 12 மாதத்துக்குள் பிற நாடுகளில் போட்டால் முதல் திகதியையே கோரலாம். அதைத் தவறவிட்டால் அந்த முதல் திகதி வெளிநாட்டில் பயன்படாது.

(கருவியைப் பற்றி ஒரு வார்த்தை: கருமையாக இட்ட மருதோன்றியும் அடர்ந்த நகப்பூச்சும் ஒளியை மறித்து இலக்கத்தை வரவிடாமல் செய்யலாம். கை குளிர்ந்தாலும் நடுங்கினாலும் துடிப்பு பிடிபடாது. மூடிய அறையில் ஜெனரேற்றர் புகை சுவாசித்தவரிடம் கருவி நல்ல இலக்கம் காட்டும், நம்பாதீர்கள். காபன் ஓரொட்சைட்டு ஏறிய குருதியை அது ஒக்சிசன் ஏறியதென்றே எண்ணும்.)

நம் சட்டம் கேட்பது மூன்று: புதியதா, அத்துறையில் கைதேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா. மருத்துவத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. சத்திரசிகிச்சை முறைக்கும் நோயறியும் முறைக்கும் ஆக்கவுரிமை இல்லை, ஆனால் அதில் பயன்படும் பொருளுக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசுவாமி ஸ்ரீநிவாசன், ஐபிஎம் ஆய்வகத்தில் சாமுவேல் ப்ளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன், 1981இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் 193 நனோமீற்றர் கழியூதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகாமல் துல்லியமாக வெட்டு விழுந்தது. கண்ணாடி போடாமலிருக்கச் செய்யும் விழிவெண்படலச் சிகிச்சையின் வேர் அதுதான்; அவர்களுக்கு 1988இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. இங்கே வைத்தியர் கண்ணில் செய்யும் சிகிச்சை முறைக்கு அது கிடைக்காது. லேசர் பொறிக்குக் கிடைக்கும்.

‘ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்தபின்தான் விண்ணப்பிக்கலாம்’ என்ற நம்பிக்கை கிழக்கில் மட்டுமல்ல, எங்கும் உண்டு. அதற்கு அதிக விலை கொடுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் கோர்டன் கூல்ட். லேசர் என்ற பெயரே அவர் குறிப்பேட்டில் பிறந்தது. (சீரொளி என்று தமிழாக்கியும் லேசர்தான் நின்றது.) 1957 நவம்பரில் அந்தக் குறிப்பேட்டை ஓர் இனிப்புக்கடைக்கார நொத்தாரிசிடம் கையொப்பமிடுவித்தார். கருவி கட்டவேண்டும் என்று எண்ணித் தாமதித்து 1959 ஏப்ரலில்தான் விண்ணப்பித்தார். அதே கருத்தில் வேலை செய்த டவுன்ஸ், ஷாலோ என்ற இரு இயற்பியலாளர்கள் 1958 ஜூலையிலேயே போட்டிருந்தார்கள். கூல்டின் முதல் அமெரிக்க லேசர் ஆக்கவுரிமை வந்தது 1977இல். கைதேர்ந்த ஒருவர் வாசித்துச் செய்யக்கூடிய அளவுக்கு விவரணை இருந்தால் போதும்.

விண்ணப்பத்தின் உயிர் உரிமைக்கோரல் என்ற பகுதி. விவரணை எவ்வளவு நீண்டாலும் வேலி கோரலில் எழுதியது மட்டும்தான். இறால் பண்ணைக் குளத்து நீரின் கலங்கலை அளக்கும் கருவி ஒன்றைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். ‘5 மில்லிமீற்றர் சிவப்பு எல்.ஈ.டி., அதற்கு 90 பாகையில் உணரி, 10 சென்ரிமீற்றர் பீவீசீ குழாய்’ என்று கோரினால், பக்கத்தவர் கீழ்க்கதிர் எல்.ஈ.டி.யைப் போட்டு வேலிக்கு வெளியே நிற்பார். ‘ஒளியால் கலங்கலை அளக்கும் எந்தக் கருவியும்’ என்றால், 90 பாகைச் சிதறலை அளப்பது பழைய முறை. முன்பு வந்தவற்றோடு ஒப்பிடும் தேடல் அறிக்கையிலேயே விழுந்துவிடும். கண்ணாடியில் பாசி பிடிப்பதைத் துடைக்கும் துடைப்பானும் பழையதே. குளத்துக் காற்றூட்டிச் சக்கரத்தின் சுழற்சியாலேயே, தனி மோட்டார் இல்லாமல், அந்தத் துடைப்பான் ஓடுகிறது என்றால் புதுமையை அங்கே தேடிப் பார்க்கலாம். எழுதுமுன் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனெட் என்ற பேட்டன்ட் தேடும் இணையத்தளங்களில் இரண்டு மாலை தேடுங்கள். காசில்லை.

பாடசாலைக் கண்காட்சியில் முதலில் காட்டிவிட்டு, பரிசு கிடைத்தபின் விண்ணப்பிக்க யோசிப்பது வழமையான பிழை. நம் சட்டம், விண்ணப்பிப்பவர் தாமே வெளியிட்டதை ஓராண்டு வரை மன்னிக்கும். ஐரோப்பா பொதுவாக மன்னிக்காது. யூடியூப் காணொளியும் வெளியீடுதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது: விண்ணப்பம் மட்டும் கொடுத்திருந்தால் ‘ஆக்கவுரிமை விண்ணப்பம் நிலுவையில்’ என்று எழுதுங்கள். ‘ஆக்கவுரிமை பெற்றது’ என்பது வழங்கப்பட்ட பின்புதான், அதுவும் எந்த நாடு, எந்த இலக்கம் என்பதோடு. ஆண்டுக்கட்டணம் கட்டாமல் காலாவதியானதற்கு ‘ஆக்கவுரிமை இருந்தது’ என்று இறந்தகாலம் போட்டால் சரி.