சிறுவனைப் பிடித்துவைக்கும் கடைக் காவலாளிக்கும் காவல்துறைக்கும் உள்ள சட்ட எல்லைகள்

18 வயது நிறையாத ஒருவர் மீது இந்தியாவில் திருட்டுப் புகார் எழும்போது, பல நேரங்களில் அவரை முதலில் பிடிப்பவர் கடையின் தனியார் காவலாளிதான். பின்னறைக்கு அழைத்துச் சென்று, பையைக் கொட்டிப் பார்த்து, வெள்ளைத் தாளில் "நான்தான் எடுத்தேன்" என்று எழுதி வாங்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் காவலாளிக்குக் கைது அதிகாரம் எதையும் வழங்கவில்லை. காவல்துறைச் சீருடையைப் போன்ற உடையை அவர் அணிவதே தண்டனைக்குரியது. அவருக்கு இருப்பது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை மட்டுமே. தம் கண்ணெதிரே, பிணையில் விட முடியாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றம் நடந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி அவர் பிடிக்கலாம். தேவையற்ற தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முறையின்றி அறையில் அடைத்துவைப்பது முறையற்ற சிறைவைப்பு என்ற குற்றமாகும்.

காவல்துறையின் கைக்குச் சென்றதும் அரசமைப்பின் உறுப்புகள் நேரடியாகக் குறுக்கே நிற்கின்றன. காரணத்தைத் தெரிவிப்பதையும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விடுவதையும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவதையும் உறுப்பு 22 கட்டாயமாக்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்ல வற்புறுத்துவதை உறுப்பு 20(3) தடுக்கிறது.

சிறாருக்கு இந்த உரிமைகள் இன்னும் இறுக்கமான வடிவம் பெறுகின்றன. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளும் சொல்வதன்படி, சிறாரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ வைக்கவே கூடாது, கைவிலங்கு கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டிய இடமும் வழக்கமான நீதிமன்றம் அன்று, ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்துள்ள இளைஞர் நீதிக் குழுமம். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படாத சாதாரணத் திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது, காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் குறித்தால் போதும். எனக்கு மிக முக்கியமாகப் படும் பாதுகாப்பு இதுதான், ஏனெனில் 14 வயதில் எழுதப்படும் வழக்கு எண் அந்தப் பிள்ளையை வேலை தேடும் வயது வரை துரத்தக்கூடியது.

இவை யாவும் வயதை நிறுவுவதில் தொடங்குவதால், காவல் நிலையத்துக்குச் செல்லும் பெற்றோர் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழையோ கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வருமான வரம்பின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு: அழைக்க வேண்டிய எண் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.