ஜப்பானிய மொழிக் கணினியில் கோப்புப் பெயர்கள் ஏன் சிதைகின்றன?

ஜப்பானிய நிறுவனங்களில் பணிக்குச் சேரும் நம்மவர்கள், கணினி கைக்கு வந்ததும் திரைமொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, இனிச் சிக்கல் இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அதனால் மாறுவது மெனுக்கள் மட்டுமே. பழைய மென்பொருள்கள் கோப்புப் பெயரைப் படிக்கப் பயன்படுத்தும் எழுத்து அட்டவணையை, விண்டோஸில் ‘யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்னும் வேறோர் அமைப்பு தீர்மானிக்கிறது (யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றம்). ஜப்பானியக் கணினியில் அந்த அட்டவணை 932 என்ற எண்ணுள்ள குறியீட்டுப் பக்கம், அதாவது ஜப்பானிய எழுத்துகளுக்கு எண் தரும் ஷிப்ட்-ஜிஸ் குறியேற்றத்தின் மைக்ரோசாஃப்ட் வடிவம். அலுவலகத்தின் பழைய மென்பொருள்கள் அதை நம்பி ஓடக்கூடும் என்பதால், தொழில்நுட்பப் பிரிவைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கோப்புப் பாதையில் கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கும் பின்சாய்கோடு (\) இருக்க வேண்டிய இடத்தில் யென் குறி தெரிவது கோளாறு அன்று. கணினிக்குள் இரண்டுக்கும் உரிய எண் ஒன்றே, எழுத்துருதான் அதை அப்படி வரைகிறது. ஆனால் அந்த எண்ணே வேறொரு தொல்லையைத் தருகிறது. இக்குறியேற்றத்தில் ‘கான்ஜி’ எனப்படும், சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள் இரண்டு பைட்டுகளால் ஆனவை. அவற்றுள் சிலவற்றின் இரண்டாம் பைட், பின்சாய்கோட்டின் எண்ணாகவே அமைந்துவிடுகிறது. அட்டவணையைக் குறிக்கும் ‘ஹியோ’ அவற்றுள் ஒன்று. அலுவலகக் கோப்புகளில் மிகுதியாக வரும் எழுத்து அது என்பதால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் பாதையை அங்கேயே வெட்டிவிட்டு, கோப்பு இல்லை என்று சாதிக்கும்.

அடிக்கடி வரும் புகார் ஜிப் கோப்புகளைப் பற்றியது. பெயர்கள் யூனிகோடில் உள்ளன என்று அறிவிக்கும் அடையாளம் ஜிப் வரையறையில் 2006இல்தான் சேர்ந்தது. அது இல்லாத ஜப்பானியக் கோப்பை வேறு மொழிக் கணினியில் விரித்தால் பெயர்கள் அலங்கோலமாகின்றன. உள்ளடக்கம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிச் சேமிக்காமல், மூல ஜிப்பை வைத்துக்கொண்டு, கோப்புகளை விரிக்கும் மென்பொருளான 7-ஜிப்பின் கட்டளை வரியில் குறியீட்டுப் பக்கம் 932 என்று குறிப்பிட்டு மீண்டும் விரித்துப் பாருங்கள்.

அலங்கோலத்துக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை வேறு: மாற்றத்தின்போது எழுத்துகள் தொலைந்துவிட்டன, அந்தப் பிரதியிலிருந்து பெயரை மீட்க வழியில்லை. தமிழ்ப் பெயர்களுக்கு இது எளிதில் நேர்கிறது. 932இல் தமிழ் எழுத்துகளே இல்லை, யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியாகத் தேர்ந்தெடுக்க விண்டோஸில் தமிழுக்கெனக் குறியீட்டுப் பக்கமும் இல்லை. எனவே பழைய மென்பொருள் கையாள வேண்டிய கோப்புக்கு ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் பெயரிட்டு, தமிழ்த் தலைப்பை ஆவணத்துக்குள் எழுதுங்கள். புதுக் கணினியில் பயனர் கணக்கைத் தொடங்கும்போதும் இதையே செய்ய வேண்டும். கணக்கின் பெயரைப் பின்னர் மாற்றினாலும், முதலில் உருவான பயனர் கோப்புறையின் பெயர் மாறாது.