சிம் போட்டால்தான் தெரியும்: திருடுபோன போன் ஏன் திரும்பி வருவதில்லை?

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது சட்டைப்பையில் இருந்த போன், அல்சூரில் இறங்கும்போது இல்லை. பதறிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐஎம்இஐ நம்பர் இருக்கு சார், அதை வெச்சு எங்க இருக்குன்னு பார்த்துடலாம்ல?" நியாயமான கேள்விதான். ஆனால் ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண் மட்டுமே, அது தானாக எந்தச் சிக்னலையும் அனுப்பாது. வண்டியின் சேசிஸ் நம்பர் மாதிரி, யாராவது நிறுத்திப் படித்தால்தான் அதற்குப் பயன்.

படிப்பது நெட்வொர்க். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்கங்களில் முதல் 8 மாடலைச் சொல்லும், அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட போனின் வரிசை எண், கடைசி ஒன்று முந்தைய பதினான்கும் சரிதானா என்று கணக்குப் பார்க்கும் இலக்கம். சிம் போட்ட போன் டவரோடு இணையும்போது, சிம்மின் அடையாளத்தோடு இந்த எண்ணையும் நெட்வொர்க் கேட்டு வாங்கி, தடைப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. முன்பெல்லாம் ஒரு கம்பெனி தடுத்த போன் இன்னொரு கம்பெனி சிம்மில் ஓடும். எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான பட்டியல்தான் சிஇஐஆர். 2019இல் மகாராஷ்டிராவில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக நாடு முழுவதற்கும் வந்தது.

ஆக, போன் ஆன் ஆக வேண்டும், அதில் சிம் இருக்க வேண்டும், எண் மாறாமல் இருக்க வேண்டும், அதுவும் இந்திய நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் தடம் அறுந்துவிடும். திருடுபவருக்கு இது நன்றாகவே தெரியும். அவர் செய்யும் முதல் வேலை போனை அணைத்து சிம்மைக் கழற்றுவது. மிஞ்சுவது கடைசி டவர் மட்டும். நகரத்துக்குள்கூட ஒரு டவர் சில நூறு மீட்டர் சுற்றுவட்டாரத்தை மூடும். மெஜஸ்டிக்கில் அந்த வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். ஜிபிஎஸ் புள்ளியே கிடைத்தாலும் எந்த மாடி, எந்த அறை என்று அது சொல்லாது.

பூட்டு பலமானதும் இதில் ஒரு காரணம். ஐபோனில் 2013இலும் ஆண்ட்ராய்டில் 2015இலும் வந்த கணக்குப் பூட்டினால், எல்லாவற்றையும் அழித்தாலும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. அதனால் முழு போனாக விற்பதை விட உதிரியாக விற்பது லாபமாகிவிட்டது. பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் நெம்பித் திறந்து டிஸ்ப்ளே, கேமரா, பேட்டரி என்று தனித்தனியாகக் கழற்றிவிடுகிறார்கள். ஐஎம்இஐ இருப்பது போனுக்குள் உள்ள மதர்போர்டில். போர்டு குப்பைக்குப் போனால் அந்த எண் இனி எந்த டவரிலும் வராது. உங்கள் டிஸ்ப்ளேவோ வேறொருவர் போனில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதை மாட்டிக்கொடுத்த நேர்மையான மெக்கானிக்குக்கும் அது திருட்டுச் சரக்கு என்று தெரிய வழியில்லை. 2024இல் ஐபோனில் இந்தப் பூட்டு சில பாகங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மற்ற போன்களுக்கும் அது வந்தே ஆக வேண்டும்.

ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதும் நடக்கிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் 2020இல் மீரட் போலீஸ் விசாரித்தபோது ஒரே ஐஎம்இஐயில் 13,000க்கும் மேற்பட்ட போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாட்டின் எல்லை தாண்டிய போனுக்கு நம் தடைப்பட்டியல் செல்லாது.

சரி, யாரோ சிம் போட்டுவிட்டார், தகவலும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. அப்போதும் கையில் கிடைப்பது ஒரு மொபைல் நம்பரும் ஒரு பெயரும். பெரும்பாலும் அவர் திருடியவர் அல்ல. எங்கோ தொலைவில், பில் இல்லாமல் பழைய போன் வாங்கிய கூலித் தொழிலாளி. போலீஸ் கூப்பிட்டுச் சொன்னதும் பயந்து கூரியரில் அனுப்பினால் உண்டு. அனுப்பாவிட்டால் இரண்டு காவலர்கள் ரயிலேறிப் போக வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போனுக்குப் பெரும்பாலும் எந்த ஸ்டேஷனும் ஆளை அனுப்பாது. தொழில்நுட்பக் குறைகளை விட இந்தக் கணக்குதான் அதிகமான போன்களை வராமல் செய்கிறது என்பது எங்கள் கருத்து.

ஊருக்குப் போகும் வழியில் ஓசூரில் தொலைத்துவிட்டு பெங்களூரில் புகார் கொடுப்பவர்களுக்கு 'எங்க எல்லை இல்லை' என்ற பதில் வரலாம். ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள், அதாவது சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியும் வழக்கு. பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் கடமை. திருட்டை 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தொலைந்த பொருள் சான்று போனைத் தடுக்க உதவும், ஆனால் தேடுவதற்கு வழக்கு என்று ஒன்று இருக்காது.

லேப்டாப்பின் நிலை இன்னும் மோசம். பிடிஎம் லேஅவுட் பிஜி அறையிலிருந்து போன லேப்டாப்பில் சிம் இல்லை, ஐஎம்இஐயும் இல்லை. அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி வைஃபை ரௌட்டரைத் தாண்டி வெளியே போகாது. இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரி கிடைத்தாலும், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். துல்லியமான நேரமும், ஒரே ஐபிக்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. பென்டிரைவில் விண்டோஸை மறுபடி ஏற்றினால் லொகேஷன் காட்டும் வசதியும் போய்விடும். விண்டோஸின் கோப்புப் பூட்டான பிட்லாக்கர் உங்கள் கோப்புகளைக் காக்கும், இயந்திரத்தைக் காக்காது. ஆஃபீஸ் லேப்டாப் என்றால் உடனே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்: கம்பெனி லேப்டாப்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்த மதர்போர்டு, விண்டோஸை மாற்றி ஏற்றி நெட்டில் இணைத்ததும் கம்பெனி லாகினைக் கேட்கும்.

போன் போன முதல் மணி நேரத்தில் வேறொரு போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து லாக் போடுங்கள். அந்தக் கணக்கின் சாதன லிஸ்டிலிருந்து போனை நீக்காதீர்கள், நீக்கினால் பூட்டும் கழன்றுவிடலாம். சிம்மை முடக்குங்கள், வங்கியில் யுபிஐயை நிறுத்துங்கள். பிறகு புகார், அதே நம்பரில் டூப்ளிகேட் சிம். புது சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, சஞ்சார் சாத்தியின் ஓடிபியோ அந்த நம்பருக்குத்தான் வரும். பலர் இங்கேதான் ஒரு நாளை இழக்கிறார்கள், ஆகவே சிம்மை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சஞ்சார் சாத்தியின் தடைப் படிவத்தில் புகார் நகலையும் பில்லையும் சேர்த்து, இரட்டை சிம் போன் என்றால் இரண்டு ஐஎம்இஐயையும் எழுதுங்கள். சில நாள் கழித்து 'உங்கள் போன் கிடைத்தது' என்று லிங்கோடு மெசேஜ் வந்தால் அது பூட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு பறிக்கும் வலை, தொடவே தொடாதீர்கள்.

படிவம் போனதும் வரும் ரிக்வெஸ்ட் ஐடியைத் தாளில் எழுதி பில்லோடு வையுங்கள். போன் கைக்கு வந்தாலும் தடை தானாக நீங்காது. அந்த ஐடியைக் கொடுத்துத் தடை நீக்கக் கேட்ட பிறகுதான் உங்கள் சொந்த சிம்மே அதில் வேலை செய்யும்.