கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

காசிமேட்டிலிருந்து கணவரைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, நான் பேசி முடிப்பதற்குள் கேட்டார்: "எலிக்குப் பதிலா இவர வச்சுப் பாக்கப் போறீங்களா டாக்டர்?" தூக்கமில்லாமல், மூன்று மாதமாகப் படகுப் பக்கமே போகாத மனிதர் அவர். மனச்சோர்வுக்கான புது மாத்திரை ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருந்தேன்.

நியாயமான கேள்வி. எலிகளிடம் சோதிப்பதெல்லாம் முன்பே முடிந்திருக்கும். அப்புறம் சிலருக்கு மட்டும் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு நோயாளிகளுக்கு, மூன்றாம் கட்டத்தில்தான் பெரிய எண்ணிக்கையில்.

ஆனால் எல்லோருக்கும் கோபம் வருவது வெற்று மாத்திரை விஷயத்தில்தான். ஆய்வில் சேர்ந்த சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரையை அதே நிறத்தில் ஏன் கொடுக்க வேண்டும்? ரத்த அழுத்தம் என்றால் கருவியில் எண் தெரியும். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. தூக்கம் எப்படி, பசி எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் போடுகிறோம், அதற்கு 1960இல் ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டாலே பலருக்கு மனசு லேசாகி மதிப்பெண் இறங்கிவிடும். இறங்கியது மாத்திரையாலா, பேச்சாலா? வெற்று மாத்திரை சாப்பிடும் இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடாமல் சொல்லவே முடியாது. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி முடிவாகும், எனக்கும் தெரியாது. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவரை மட்டும் இதில் நான் சேர்க்க மாட்டேன்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்தவர்களையும் நெரிசலான வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் இப்படித்தான் பிரித்து ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். இன்று வியாசர்பாடியில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே காசநோய் மாத்திரை சாப்பிட முடிவதில் அந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

சரி, ஆய்வில் சேரச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொல்லி உங்களிடம் ஒருவர் தாளை நீட்டினால்? தமிழில் எழுதிய தாளைக் கேளுங்கள். ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மா தாளை எடுத்துப் போனார். கல்லூரியில் படிக்கும் மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாளாம். அடுத்த வாரம் வந்து, "வேணாம் டாக்டர், எப்பவும் குடுக்குற மருந்தே குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போதும் மாதாமாதம் இருவரும் என்னிடம்தான் வருகிறார்கள்.